வலையை இழுத்துப் போன விசைப்படகு: எந்த அலுவலகத்தில் புகார் செய்வது?

கேள்வி: தொண்டிப் பக்கம் ஃபைபர் படகு வைத்து நண்டு வலை பாய்ச்சுகிறேன். கரையிலிருந்து 2 கடல் மைலில் போட்டிருந்த வலையை இரவில் ஒரு விசைப்படகு இழுத்துப் போய்விட்டது. படகு எண்ணில் ‘08-எம்எம்’ வரைதான் தெரிந்தது. நஷ்டம் சுமார் 60,000 ரூபாய். மரைன் போலீஸில் மீன்துறைக்குப் போகச் சொல்கிறார்கள். மீன்துறையிலோ, வெளி மாவட்டப் படகு என்பதால் கோஸ்ட் கார்டிடம் சொல்லச் சொல்கிறார்கள். அடுத்த முறை படகையே சிறைபிடிக்கலாம் என்று ஊரில் பேச்சு. என்ன செய்யலாம்?

பதில்: சிறைபிடிக்கும் பேச்சை முதலில் நிறுத்துங்கள். ஆட்களைத் தடுத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ், பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 126, 127 பிரிவுகளில் உங்கள் மீதே வழக்குப் பதிவாகும். அதன் பிறகு புகார்தாரர் விசைப்படகுக்காரர், எதிரி நீங்கள்.

கோஸ்ட் கார்டு உங்களுக்கான இடம் அல்ல. 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநில அரசின் பொறுப்பு. கோஸ்ட் கார்டின் 1554, கடலில் உயிர் ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண். மீதமுள்ள இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனி வேலை உண்டு. விதிமீறிய படகின் மீது நடவடிக்கை எடுப்பது மீன்துறை, வலையை நாசம் செய்த ஆளின் மீது வழக்குப் போடுவது போலீஸ். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது, இரண்டு மனுவும் கொடுங்கள்.

மீன்துறை மனு, சம்பவம் நடந்த கடற்பகுதிக்கான உதவி இயக்குநருக்கு. 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது விசைப்படகுக்குத் தடையான தூரம் 3 கடல் மைல், பின்னர் அது 5 ஆனது. நீங்கள் சொல்லும் 2 மைல் (3.7 கிலோமீட்டர்) எந்தக் கணக்கிலும் உள்ளேதான். படகு எந்த மாவட்டத்தில் பதிவானது என்பதை விட, எந்தக் கடலில் மடி (இழுவலை) இழுத்தது என்பதே முக்கியம். 08 புதுக்கோட்டை மாவட்டப் பதிவு, நம் ராமநாதபுரத்துடையது 10. ஆகவே மனுவின் நகலை அங்குள்ள உதவி இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசைப்படகுகள் மீன்துறையில் டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கித்தான் கடலுக்குப் போக வேண்டும். அன்றைய டோக்கன் பதிவேட்டின் நகலை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கடைசி எண்கள் தெரியாவிட்டாலும் அதில் படகுகள் சிலவாகச் சுருங்கிவிடும். சம்பவம் திங்கள், புதன், சனி அல்லாத நாளில் நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். பாக் நீரிணைப் பகுதியில் மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கான முறை என்பதால் தனி மீறலாகும்.

மீன்துறை விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. இது தெரியாமல் பலர் அந்த மனுவோடு நின்றுவிடுகிறார்கள்.

மரைன் காவல் நிலையத்தில் எல்லைப் பிரச்சினை சொன்னால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 173-ம் பிரிவைச் சொல்லுங்கள். போலீஸ் நேரடியாக வழக்குப் போடக்கூடிய குற்றம் என்றால், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை வாங்கியாக வேண்டும். சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்கான போலீஸ் ரசீது) இல்லாமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. சேதம் 20,000 முதல் 1 லட்சத்துக்குள் என்றால் பிஎன்எஸ் 324(4)-ன்படி 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. 1 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 324(5), 5 ஆண்டு வரை. ஆகவே வலை, கயிறு, மிதவை ஒவ்வொன்றுக்கும் பில்லைத் தேடுங்கள். தொகையை ஏற்றிச் சொல்லாதீர்கள், குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுதான்.

இந்தப் பிரிவில் சிக்கல் வருவது நோக்கத்தில். தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். ‘இருட்டில் வலை தெரியவில்லை’ என்பார்கள். வலையில் கொடியும் விளக்கு மிதவையும் இருந்ததற்கு உடன் வந்தவர்களின் சாட்சி வேண்டும். மிஞ்சிய வலையைத் தைத்துவிடாதீர்கள். படகின் விசிறியில் (புரொப்பெல்லர்) மாட்டி அறுந்த கயிற்றின் முனை பிசிறாக இருக்கும், கத்தி பட்டது நேராக இருக்கும். இரண்டையும் கிட்டத்தில் படமெடுத்து, பொருளை அப்படியே வையுங்கள். ஜிபிஎஸ் கருவியில் வலை போட்ட இடத்தின் மார்க்கை அழிக்காதீர்கள். செல்போன் வீடியோ இருந்தால் சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழோடுதான் கோர்ட்டில் எடுபடும். அசல் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

பணம் திரும்ப வர முக்கிய வழிகள் இரண்டு: சமாதானம் அல்லது சிவில் வழக்கு. வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பதே 60,000-க்கு லாபம் என்பேன். ஆனால் கையில் சிஎஸ்ஆர் இருந்தால்தான் அந்தப் பேச்சில் உங்கள் பக்கம் எடை. பேசி முடித்தால் தொகை, தேதி, இரு தரப்புக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

உதவி இயக்குநர் இரண்டு மாதம் மனுவைக் கிடப்பில் போட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், நடவடிக்கை எடுக்க உத்தரவிடக் கோரி ரிட் மனு போடலாம். அதற்கு மனு நகலும் தபால் ஒப்புகை அட்டையும் வேண்டும். அதற்கு முன் உங்கள் படகின் பதிவும் மீன்பிடி உரிமமும் நடப்பில் இருக்கின்றனவா பாருங்கள். காலாவதி என்றால் இந்த வாரமே புதுப்பித்துவிட்டு மனுவைக் கொடுங்கள்.