சம்பளம் 1,100 வெள்ளி கூடுகிறது, சின்னக் கம்பெனிக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 38. சிங்கப்பூரில், துவாஸில் ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 5,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டிசம்பரில் 13வது மாதச் சம்பளம் உண்டு. மார்ச்சில் போனஸ் வரும், ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம். இப்போது 18 பேர் வேலை பார்க்கும் ஒரு சரக்குக் கம்பெனி, மேலாளர் பதவி கொடுத்து 6,500 வெள்ளிக்குக் கூப்பிடுகிறது. 13வது மாதம் பற்றிக் கேட்டால், "லாபம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் முதலாளி. ஜனவரியிலேயே சேரச் சொல்கிறார். என் மனைவிக்கு வயது 36, பாலர் பள்ளியில் பகுதிநேர வேலை, சம்பளம் 1,600. நான்கு வயதில் ஒரு மகள். செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மாதத் தவணை 1,400 வெள்ளி, இருவர் மசேநிதியிலிருந்தும் (ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் பணம் போடும் மத்திய சேமநிதி) போகிறது. அது இல்லாமல் அம்மாவுக்குக் கொடுப்பதையும் சேர்த்து மாதச் செலவு 3,400. கையில் 10,000 வெள்ளி சேமிப்பு, என் மசேநிதிச் சாதாரணக் கணக்கில், அதாவது வீட்டுத் தவணைக்கு எடுக்கும் கணக்கில், 6,000. எனக்கு இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்டு. காப்பீடு, கம்பெனி கொடுப்பதுதான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமனார், பெரிய கம்பெனியை விடாதே என்கிறார். எனக்கு இங்கே அலுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: கணக்கு விவரத்தை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. அதனால்தான் என்னாலும் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. இப்போது பேசியிருக்கிறபடி, ஜனவரியில், 13வது மாதம் இல்லாமல் போக வேண்டாம். ஆனால் இந்த வாய்ப்பைக் கைவிடவும் வேண்டாம். அதைச் சரியாகப் பேசி, சரியான நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த 1,100 வெள்ளி. மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் 20 விழுக்காடு உயர்வு. ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். இப்போது உங்களுக்கு 12 மாதம், 13வது மாதம், இரண்டு மாத போனஸ் என 15 மாதச் சம்பளம் வருகிறது: 81,000 வெள்ளி. 55 வயது வரை முதலாளி தரும் மசேநிதிப் பங்கு 17 விழுக்காடு. போனஸுக்கும் அது உண்டு. அது 13,770. மொத்தம் 94,770 வெள்ளி. புதிய இடத்தில் 12 மாதம் மட்டும் என்றால் 78,000, மசேநிதிப் பங்கு 13,260, மொத்தம் 91,260. ஆக, சம்பளம் கூடியும் ஆண்டுக்கு 3,510 வெள்ளி குறைகிறது.

உங்கள் போனஸும் உறுதியானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மோசமான ஆண்டில் போனஸே இல்லை என்றால், பழைய இடத்தில் 13 மாதத்துக்கு 70,200தான். அப்போது 78,000 தரும் சின்னக் கம்பெனி மேல். மார்ச் போனஸ் ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்குக் கீழே இறங்கினால் தராசு அந்தப் பக்கம் சாயும். உங்கள் நிறுவனத்தில் போனஸ் எதை வைத்து முடிவாகிறது என்பது ஒன்பது ஆண்டு இருந்த உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனவே முதலாளியிடம் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி வாதாடுவதைவிட, 13வது மாதச் சம்பளத்தை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 13வது மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அது உங்கள் உரிமை. அந்த ஒரு வரி வந்தால் உங்கள் ஆண்டு வருமானம் 84,500, மசேநிதிப் பங்கோடு 98,865. பதவி உயர்வோடு போவதற்கு இது பொருத்தமான தொகை. "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அந்த வார்த்தையைக் கொண்டு குடும்பக் கணக்குப் போட முடியாது.

இனி, வேலை மாற்றும்போது பெரும்பாலோர் கணக்கில் எடுக்காத ஒன்று. ஒன்பது ஆண்டுப் பணிக்காலத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆட்குறைப்பு நடந்தால், இரண்டு ஆண்டாவது வேலை பார்த்தவர் இழப்பீடு கேட்கத் தகுதி பெறுகிறார். சட்டம் தொகையை நிர்ணயிக்கவில்லை. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் பேசித்தான் முடிவாகும். வழக்கமாகக் கொடுப்பது ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை. உங்கள் விஷயத்தில் அது சுமார் 22,000 வெள்ளியிலிருந்து 48,600 வரை. நீங்களாகவே விலகினால் அது கிடைக்காது, புதிய இடத்தில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. உங்கள் பிரிவில் ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தால், அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுக்காதீர்கள் என்பதற்காக.

மாமனாரின் கவலையை நான் மதிக்கிறேன். ஒரே இடத்தில் உழைத்து, அங்கேயே ஓய்வுபெற்று, குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறை அது. ஆனால் இன்று பெரிய பெயர் மட்டும் வேலையைக் காப்பாற்றுவதில்லை. 2023 ஜூனில் வாடகை வண்டிச் செயலி நடத்தும் கிராப் நிறுவனமே 1,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. பெரிய இடத்தில் நல்ல விஷயம், பெரும்பாலும் சம்பளம் தேதி தவறாது, போகச் சொன்னாலும் ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள். சின்ன இடத்தில் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முடிவு இதில்தான் இருக்கிறது.

சின்னச் சரக்குக் கம்பெனி பெரும்பாலும் நஷ்டத்தால் மட்டும் தடுமாறுவதில்லை. கையில் பணம் இல்லாமலும் தடுமாறும். கப்பல், விமானக் கட்டணத்தையும் லாரிக் கூலியையும் அது முதலில் கட்டிவிட வேண்டியிருக்கும். வாடிக்கையாளரோ 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் தருவார். ஆனால் சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் ஊழியருக்குச் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம். புத்தகத்தில் லாபம் காட்டும் கம்பெனியில்கூட, ஒரு பெரிய வாடிக்கையாளர் இரண்டு மாதம் இழுத்தடித்தால் சம்பளம் தள்ளிப்போகும். ஆகவே 18 பேர்தானா என்று கவலைப்படாதீர்கள். அந்த 18 பேருக்கும் சம்பளம் எத்தனை வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

முதலாளியிடம் நேரடியாகக் கேளுங்கள்: "வருமானத்தில் பாதி யாரிடமிருந்து வருகிறது? அவர்கள் எத்தனை நாளில் பணம் தருகிறார்கள்? ஒருவர் போய்விட்டால் எத்தனை மாதம் தாங்கும்?" மேலாளராக எடுக்கப் போகிறவர் இதைக் கேட்பது முறையான கேள்விதான். நல்ல முதலாளி பெயர் சொல்லாவிட்டாலும் நிலைமையைச் சொல்வார். ஒரே வாடிக்கையாளர் பாதிக்கு மேல் என்றால், 13வது மாதம் எழுதித் தந்தாலும் நான் போகச் சொல்லமாட்டேன். மழுப்பினாலும் அதே முடிவுதான்.

அவர் சொல்வதை ஓரளவு நீங்களே சரிபார்க்கலாம். கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான ஆக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் 5.50 வெள்ளி கொடுத்தால் கம்பெனியின் விவரத் தாள் கிடைக்கும். எந்த ஆண்டு தொடங்கியது, இயக்குநர்கள் யார், செலுத்திய மூலதனம் எவ்வளவு, சொத்தின் மேல் யாருக்காவது அடமானப் பொறுப்பு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்புறம், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரோடு தேக்காவில் ஒரு தேநீர் குடியுங்கள். "மசேநிதி மாதாமாதம் சரியாக ஏறுகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். பணம் இறுக்கமான கம்பெனிகள் பலவற்றில் சம்பளத்துக்கு முன்பே தாமதமாவது இதுதான். நீங்கள் சேர்ந்த பிறகும், ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக மசேநிதித் தளத்தைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஒருவேளை சம்பளம் நின்றால் மனிதவள அமைச்சின் வழியாகப் புகார் செய்யலாம். சமரசம் ஆகாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, தொழிற்சங்கம் கூட இருந்தால் 30,000 வரை கோரலாம். வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் கோர வேண்டும். ஆனால் கம்பெனியிடமே பணம் இல்லை என்றால் தீர்ப்பு கிடைத்தும் கைக்குப் பணம் வருவது கடினம். எனவே ஒரு மாதச் சம்பளம் முழுதாக நின்றாலே வேறு வேலை தேடத் தொடங்குங்கள், "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்பதை நம்பி மூன்று மாதம் ஓட்டாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் சம்பளம் நின்றால் என்ன ஆகும்? மனைவி மசேநிதிப் பங்கு போகக் கையில் வாங்குவது 1,280 வெள்ளி. செலவு 3,400. மாதம் 2,120 துண்டு விழும். கையில் இருக்கும் 10,000, ஐந்து மாதம்கூட வராது. வீட்டுத் தவணைக்கு மனைவியின் சாதாரணக் கணக்கில் மாதம் 336 ஏறும், மீதி 1,064 உங்கள் கணக்கிலிருந்து போக வேண்டும். அங்கே இருக்கும் 6,000 ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். வேலை இழந்தோருக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் உதவி, ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை, சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்குத்தான். பழைய சம்பளத்திலும் புதிய சம்பளத்திலும் உங்களுக்கு அது கிடைக்காது.

நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ஆறு மாதக் கையிருப்பாவது இருக்க வேண்டும். இங்கேதான் மார்ச் போனஸ் முக்கியமாகிறது. இரண்டு மாதச் சம்பளம் 10,800. உங்கள் மசேநிதிப் பங்கு போக கையில் 8,640 வரும், சாதாரணக் கணக்கில் 2,268 ஏறும். அதை வாங்கியபின் உங்கள் ரொக்கம் எட்டு மாதத்துக்கு மேல் தாங்கும், தவணைக்கான பணமும் ஏழு மாதத்தைத் தாண்டும். ஜனவரியில் போனால் இவ்வளவும் போச்சு. போனஸ் தரும் நாளில் ஊழியராக இருக்க வேண்டும், விலகல் கடிதம் கொடுத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. உங்களுடையதை எடுத்து அந்தப் பத்தியை ஒரு முறை வாசியுங்கள். 13வது மாதத்துக்கும் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் எந்த வேலைக்குப் போனாலும் தொடரும், இரத்த அழுத்தம் இருந்தாலும் உண்டு. கம்பெனிக் காப்பீடு நீங்கள் விலகியதும் முடிந்துவிடும். தனியாக ஒருங்கிணைந்த திட்டம் (மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் எடுக்கும் தனியார் காப்பீடு) எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு விலக்கு போடலாம். புதிய கம்பெனியின் குழுக் காப்பீட்டில் அந்த நோய்க்கு இடமுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மனைவிக்கும் மகளுக்கும் ஒருங்கிணைந்த திட்டத்தை இப்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சந்தாவின் ஒரு பகுதியை மசேநிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவிலிருந்து கட்டலாம்.

அலுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒன்பது ஆண்டு ஏற்றுமதிப் பத்திரங்கள் மட்டும் பார்த்தவர் 45 வயதில் வேலை தேடினால் அந்த ஒரு வேலையைத்தான் காட்ட முடியும். 18 பேர் கம்பெனியில் விலை பேசுவது, சுங்கம், வாடிக்கையாளர், ஆள் எடுப்பது எல்லாம் உங்கள் தலையில் வரும். உடம்புக்கு நோவுதான், ஆனால் மூன்று ஆண்டில் உங்கள் சந்தை மதிப்பு மாறிவிடும். வாடிக்கையாளர் விஷயம் திருப்தியாக இருந்தால் போகச் சொல்வதற்கு எனக்கு இதுதான் பெரிய காரணம்.

எனவே முதலாளியிடம் இப்படிப் பேசுங்கள்: மார்ச் இறுதியில் போனஸ் வந்ததும் கடிதம் கொடுக்கிறேன், அறிவிப்புக் காலம் முடிந்து சேர்கிறேன். அவசரம் என்றால் நான் இழக்கும் 10,800 வெள்ளியைச் சேரும்போது தாருங்கள். இரண்டில் எதற்கு ஒப்புக்கொண்டாலும், 13வது மாதம் எழுதிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டு உங்கள் கைக்கு வரும்வரை பழைய இடத்தில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.