கார்டு பொய் சொன்னாலும் கம்பைலர் நம்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் டைப்ஸ்கிரிப்ட் புராஜெக்டில் எங்கு பார்த்தாலும், ‘இந்த மதிப்பு இந்த டைப்தான்’ என்று கம்பைலரிடம் சொல்லிவிடும் ‘ஆஸ்’ (as) போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். மதிப்பின் டைப்பைச் சோதிக்கும் டைப் கார்டுகளையும் அசர்ஷன் ஃபங்ஷன்களையும் ஒரே ஃபைலில் எழுதி, எல்லோரும் அதையே பயன்படுத்தலாம் என்கிறேன். ‘வேலைதான் கூடும், பலன் ஒன்றுதான்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் சொல்வதுதான் சரி. டைப்ஸ்கிரிப்ட் நிரல் ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது ‘ஆஸ்’ தடயமே இல்லாமல் போய்விடும். ஓடும்போது அது எதையும் சோதிக்காது. வெளியிலிருந்து வரும் ஜேசான் (JSON) தரவில் நம்பருக்குப் பதில் ‘100’ என்ற ஸ்ட்ரிங் வந்தால், அதோடு 20ஐக் கூட்டும்போது 10020 கிடைக்கும். கார்டு மதிப்பை உண்மையிலேயே பார்த்து ஆம், இல்லை என்கிறது. 2019இல் டைப்ஸ்கிரிப்ட் 3.7 பதிப்பில் வந்த அசர்ஷன் ஃபங்ஷன், மதிப்பு தவறென்றால் எரர் வீசி அங்கேயே நிறுத்திவிடும்.

ஆனால் அந்த ஃபைலை மிகக் கவனமாக எழுதுங்கள். கார்டுக்குள் என்ன சோதிக்கிறீர்கள் என்று கம்பைலர் கேட்பதில்லை. ஸ்ட்ரிங் அல்லது நம்பர் வரக்கூடிய ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்ட்ரிங்தானா, காலியாக இல்லாமல் இருக்கிறதா’ என்று இரண்டையும் பார்த்துவிட்டு ‘இது ஸ்ட்ரிங்’ என்று அறிவிக்கிறது உங்கள் கார்டு. ஆம் என்ற பக்கம் பிரச்சினை இல்லை. காலி ஸ்ட்ரிங் வந்தால் கார்டு இல்லை என்றுவிடும். உடனே கம்பைலர், ஸ்ட்ரிங் இல்லையா, அப்படியானால் நம்பர்தான் என்று எல்ஸ் பக்கத்தில் முடிவுகட்டிவிடும். அங்கே நம்பருக்கு மட்டுமே உள்ள டூஃபிக்ஸ்டு (toFixed) ஃபங்ஷனை அழைத்தால் எடிட்டரில் சிவப்புக் கோடு வராது. ஓடும்போதுதான் உடையும். அதனால் கார்டு டைப்பை மட்டும் கேட்கட்டும். காலியா என்பதைத் தனியாகப் பாருங்கள். அப்புறம், ஆப்ஜெக்டா என்று கேட்கும் கார்டில் ‘நல்’ (null, அதாவது மதிப்பே இல்லை) சோதனையை விட்டுவிடாதீர்கள். டைப்பைக் கேட்டறியும் டைப்ஆஃப் (typeof), ‘நல்’லையும் ஆப்ஜெக்ட் என்றே சொல்லும்.

2024இல் வந்த 5.5 பதிப்பு இதற்கு ஒரு நல்ல வழி தருகிறது. ஒரே ரிட்டர்ன் உள்ள சின்னக் கார்டுகளில் ரிட்டர்ன் டைப்பை எழுதாமல் விட்டுப் பாருங்கள். ஆம், இல்லை இரண்டு பக்கமும் பொருந்தினால் மட்டுமே கம்பைலர் அதைக் கார்டாக எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன கார்டுக்கு, வெறும் ஆம்/இல்லை என்று பொருள்படும் பூலியன் என்று மட்டும் காட்டும். கம்பைலரே கண்டுபிடிப்பதைக் கையால் எழுத வேண்டாம்.

எல்லா ‘ஆஸ்’களையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள். ஜேசானைப் படிக்கும் ஜேசான் பார்ஸ் (JSON.parse) தருவது, கம்பைலர் எதையும் சோதிக்காத ‘எனி’ (any) டைப். அதை, சோதிக்காமல் பயன்படுத்த விடாத ‘அன்னோன்’ (unknown) என்று வாங்கி, கார்டு வழியாக உள்ளே விடுங்கள். உள்ளே இருக்கும் ‘ஆஸ்’களில் பல தேவையற்றுப் போகும். தேடும்போது ‘ஆஸ் கான்ஸ்ட்’ தென்படும். அது வேறு விஷயம், அதைத் தொட வேண்டாம்.