எடையும் குறைந்து, சர்க்கரையும் வந்தால்...

கேள்வி: வயது 61. டயட், உடற்பயிற்சி எதுவும் இல்லாமலே ஐந்து மாதத்தில் 72 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு இறங்கிவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் சர்க்கரை நோய் என்று மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். முடி கொட்டுகிறது, நகத்தில் வெள்ளைப் புள்ளிகள், மூட்டில் சொடக்குச் சத்தம். வயிற்று ஸ்கேன் நார்மல். எடை குறைந்தால் புற்றுநோய் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. புரோட்டீன் பவுடர் வாங்கிச் சாப்பிடுகிறேன். புற்றுநோய்க்கான ட்யூமர் மார்க்கர் ரத்த டெஸ்ட் எடுத்துவிடலாமா?

பதில்: நகப் புள்ளியையும் மூட்டுச் சத்தத்தையும் மறந்துவிடுங்கள். வேகமாக எடை இறங்கினாலே முடி கொட்டும்; அதற்குத் தனி மருந்து வேண்டாம்.

எடையை அப்படி விட முடியாது. முயற்சி இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். உங்களுக்கு 8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இப்படிக் குறைபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. தைராய்டு அதிகம் சுரப்பது, காசநோய், மனச்சோர்வு, பல் பிரச்சினை என்று காரணங்கள் பல. சர்க்கரை நோய் ஒன்றே போதும்: ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் கொட்டும், எடையும் கூடவே போகும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டியது மாதக் கணக்குதான். எடை இறங்க ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்தே சர்க்கரை தெரிந்திருக்கிறது. மாத்திரை அதற்கும் பிறகு. எனவே மாத்திரையின் மேல் பழி போட முடியாது. இந்த வயதில் சர்க்கரை பெரும்பாலும் எடை கூடியவர்களுக்குத்தான் வரும். எடை குறைந்துகொண்டிருக்கும்போது புதிதாக வந்தால் கணையத்தைப் பார்த்தாக வேண்டும். கணையத்தில் புற்று இருந்தால் வலியோ மஞ்சள் காமாலையோ வருவதற்குப் பல மாதங்கள் முன்பே சர்க்கரை ஏறிவிடலாம். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வருபவர்களில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்குத்தான் இப்படி. எடையும் குறைந்தால் வாய்ப்பு கூடுகிறது. 60 வயதைக் கடந்து இவை இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்.

வயிற்று ஸ்கேன் நார்மல் என்பதை இங்கே நம்பி இருக்க வேண்டாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் குடல் வாயு வந்தால் அல்ட்ராசவுண்டில் தெரியாது. ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வாயுவால் கணையம் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு வரி இருக்கலாம். பலரும் கடைசி வரியான ‘நார்மலை’ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். எடை, சர்க்கரை அளவுகளைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, கணையத்துக்கான காண்ட்ராஸ்ட் சிடி (ஊசியில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) தேவையா என்று நேரடியாகக் கேளுங்கள். எடுப்பதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். கூடவே தைராய்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே.

ட்யூமர் மார்க்கர் வேண்டவே வேண்டாம். கணையப் புற்றுக்கான மார்க்கரான சிஏ 19-9 பித்தக்குழாய் அடைப்பிலும் கணைய அழற்சியிலும் ஏறும். சிலர் உடலில் அது சுரப்பதே இல்லை, புற்று இருந்தாலும் நார்மல் என்றே வரும். வீண் பயம் அல்லது வீண் தைரியம், இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். பவுடரையும் நிறுத்துங்கள். ஒரு கிலோ ஏறினால் நீங்களே டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவீர்கள்.

வாரம் ஒருமுறை காலையில், கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன், அதே எடை இயந்திரத்தில் எடை பாருங்கள். சிடி சுத்தமாக இருந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் எடையும் நின்றால் காரணம் சர்க்கரைதான். சர்க்கரை இறங்கியும் எடை நிற்கவில்லை என்றால் எண்டோஸ்கோப்பி உள்பட அடுத்த கட்டத் தேடல் வேண்டும்.

இடையில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.