வந்து பத்து நாள்தான் ஆகிறது: தத்து நாய் கேள்வி-பதில்

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்கள் அனுப்பியவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மூன்று வயதுப் பெண் நாய். வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகுதான் சாப்பாட்டைத் தொடுகிறது. வெளியே இழுத்துவிட்டால் பழகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு இப்போது இருக்கும் ஒரே பாதுகாப்பான இடம் அந்தக் கட்டிலடிதான். அங்கேயும் கை வருகிறது என்று தெரிந்தால், அடுத்த முறை கையைக் கடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது.

தண்ணீரையும் சாப்பாட்டையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தினமும் இரண்டு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம், சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள். பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டுகளை எறியுங்கள். எங்கே எறிகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலரும் நாயைக் கிட்டே வரவழைக்கத் தங்கள் பக்கமாக எறிகிறார்கள். நாயும் ஆசையில் வரும். தின்று முடித்து நிமிர்ந்ததும் ஆளுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிறோமே என்று திடுக்கிட்டு ஓடும். நாய்க்குப் பின்னால் விழும்படி எறியுங்கள். அது பின்வாங்கித் தின்னட்டும், அதன் பிறகு தானாகவே திரும்பிப் பார்க்கட்டும். நாளாக நாளாக அது உங்களுக்கு இன்னும் சற்றுப் பக்கத்தில் திரும்பி வருவதைக் காண்பீர்கள்.

இரண்டு வாரத்துக்கு விருந்தாளிகள் வேண்டாம், குளியல் வேண்டாம். இரவில் சாப்பிடுகிறது என்பது நல்ல செய்தி. இரண்டு நாள் ஒன்றுமே தின்னாவிட்டால், அல்லது ஒரு முழு நாள் தண்ணீர் குடிக்காவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: இப்படிப் பயந்த நாய்தான் வாசல் கதவு திறந்த நொடியில் ஓடிப்போகும். பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை காது வழியே கழன்றுவிடும். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு, ஹார்னஸில் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்) ஒரு கயிறு என இரண்டு மாட்டுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு வீட்டுக்குள்ளும் கழுத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஒன்றரை வயது. அரை மணி நேரம் வெளியே நடத்திக் கூட்டி வந்தாலும், உள்ளே நுழைந்ததும் விரிப்பில்தான் மூத்திரம் போகிறது. மூக்கை அதில் தேய்த்தும் பார்த்தாயிற்று.

பதில்: தேய்த்ததன் பலனைத்தான் இப்போது பார்க்கிறீர்கள். ‘விரிப்பில் போகக் கூடாது’ என்பது நாய்க்குப் புரியவில்லை. ‘இந்த ஆள் கண்முன் போனால் ஆபத்து’ என்பது மட்டும் புரிந்துவிட்டது. வெளியே கயிற்றின் மறுமுனையில் நிற்பதும் அதே ஆள்தானே! அதனால் அடக்கிக்கொண்டே நடக்கிறது.

வரிசையை மாற்றுங்கள். வெளியே போனதும் நடக்காதீர்கள். தினமும் ஒரே இடத்தில், கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அது முடித்த இரண்டு நொடிக்குள், அங்கேயே நின்று தின்னக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்கான பரிசாகிவிடும். அதன் பிறகுதான் நடை. மூத்திரம் போனதும் வீட்டுக்குத் திருப்பிவிட்டால், ஊர் சுற்ற ஆசைப்படும் நாய் அடக்கிக்கொள்ளப் பழகும். போகவில்லை என்றால் உள்ளே கூட்டி வந்து கயிறோடு உங்கள் பக்கத்திலேயே வைத்திருந்து, கால் மணி நேரத்தில் மறுபடி கூட்டிப் போங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுச் சற்று நேரத்தில், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும் கட்டாயம். முதல் வாரம் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

விரிப்பை முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, என்சைம் கலந்த கிளீனரைத் தாராளமாக ஊற்றுங்கள். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்க வேண்டும். மேலே தெளித்துத் துடைத்தால் உங்கள் மூக்குக்குத்தான் சுத்தம். அமோனியா கலந்த திரவம் ஆகவே ஆகாது. மூத்திரத்திலும் அந்த வாடைதான்.

அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ பழக்கவழக்கப் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நாங்கள் வேலைக்குப் போனதும் ஊளையிடுகிறது, கதவைப் பிராண்டுகிறது. அக்கம்பக்கத்தில் புகார். கூண்டில் அடைத்தால் சரியாகுமா?

பதில்: முதலில் ஒரு பழைய கைபேசியைப் படமெடுக்க வைத்துவிட்டு வெளியே போங்கள். எப்போது ஆரம்பிக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுத் தலையணையைக் கிழித்தால் அது பொழுதுபோகாத நாய். காலையில் கூடுதல் நடையும், மோப்பம் பிடித்துத் தேடும்படி ஒளித்து வைத்த தீனியும், கடித்து மெல்லுவதற்கு ஏதாவதும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நீங்கள் கதவைச் சாத்திய சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, எச்சில் வடித்து, கதவுக்கும் ஜன்னலுக்கும் அலைந்தால் அது பிரிவுப் பதற்றம். நீங்கள் வைத்துவிட்டுப் போன பிடித்தமான தீனியை மாலை வரை தொடாமல், நீங்கள் வந்த பிறகு தின்றாலும் அதே அடையாளம்தான். இப்படிப்பட்ட நாயைக் கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். தனிமையில் அதற்குப் பீதி. பீதியில் இருக்கும் பிராணி எதையும் கற்காது. அதனால் பீதி வராத அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும்.

சாவிச் சத்தம் கேட்டதுமே எழுந்து நிற்கிறதா? அப்படியானால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். சாவியை எடுங்கள், திரும்ப உட்காருங்கள். செருப்பைப் போடுங்கள், கழற்றுங்கள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை. தலையைக்கூடத் தூக்காமல் படுத்திருக்கும் நாள் வந்ததும் கதவுக்குப் போகலாம். திறந்து மூடுங்கள். வெளியே ஒரு நொடி நின்று உள்ளே வாருங்கள். பிறகு ஐந்து நொடி, பத்து நொடி. ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 20 நொடி, 5 நொடி, 40 நொடி, 15 நொடி என்று கலந்து போங்கள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் கடினமாக இருந்தால் நாய் அதைக் கணக்குப் பண்ணிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி, 15 முதல் 20 நிமிடம் போதும். கேமராவில் பதற்றம் தெரிந்தால் அன்று எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். மறுநாள் பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள். மெதுவாகத்தான் நகரும். முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தை எட்டுவதுதான் கஷ்டம். அதைத் தாண்டிய பல நாய்களுக்கு, பிறகு தனியே இருக்கும் நேரம் வேகமாக நீள்கிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை எட்டு மணி நேரம் தனியே விட்டுவிட்டு, மாலையில் இருபது நொடிப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. ஆளை ஏற்பாடு செய்யுங்கள், முறை வைத்து வீட்டிலிருந்து வேலை பாருங்கள், தெரிந்தவர் வீட்டில் விடுங்கள். பதற்றம் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவர் ஃப்ளூவாக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்து தரக்கூடும். இவை தூங்கவைப்பவை அல்ல. வேலை செய்யச் சில வாரம் ஆகும், பயிற்சியோடு சேர்ந்துதான் பலன் தரும். மனிதர்களுக்கு எழுதித் தந்த மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். செல்லம் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். பயந்த நாயைத் தடவிக் கொடுப்பதால் பயம் வளராது.

கேள்வி: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. யார் எஜமான் என்று காட்ட, தட்டில் கை விட்டுப் பழக்குகிறார் என் கணவர். உறுமல் கூடிக்கொண்டுதான் போகிறது.

பதில்: கூடத்தான் செய்யும். ‘மனிதர் வந்தால் சாப்பாடு போய்விடும்’ என்று நாய் சந்தேகப்பட்டது. அவர் அதை தினமும் நிரூபிக்கிறார். உறுமலுக்கு அடித்தால் உறுமல் நின்றுபோகலாம். சந்தேகம் நிற்காது. அதற்குப் பிறகு கடி முன்னறிவிப்பில்லாமல் வரும்.

உறுமலுக்கும் முந்தைய அறிகுறிகள் உண்டு. ஆள் வருவதைப் பார்த்ததும் வேகவேகமாக விழுங்கும். தலையைத் தட்டுக்கு மேல் கவிழ்த்தபடி அசைவில்லாமல் உறையும். கண்ணின் வெள்ளை ஓரம் பிறை போலத் தெரியும். இவற்றில் எதுவும் வராத தூரத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது சாப்பிடும்போது அந்தத் தூரத்தில் நடந்து, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டருகே எறிந்துவிட்டு, நிற்காமல் விலகிப் போங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு முறை. சில நாளில் உங்களைப் பார்த்ததும் உடல் தளர்ந்து, ‘என்ன கொண்டுவந்தாய்’ என்பதுபோல் நிமிரும். அப்போது ஒரு சாண் நெருங்கலாம், அதற்குமேல் வேண்டாம். செருப்பைக் கவ்விக்கொண்டு போனாலும் பிடுங்காதீர்கள். ஒரு கைப்பிடி தீனியைத் தூரமாக வீசி, அது தின்னப் போனதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் நாயின் சாப்பாடு மூடிய கதவுக்குப் பின்னால்தான். ஏற்கெனவே கடித்திருந்தால் இந்த முறையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். நாய்களின் நடத்தையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். பல் பட்டுத் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் சரி.

கேள்வி: நடைக்குப் போகும்போது வேறு நாயைக் கண்டால் பாய்கிறது. கயிற்றைச் சுண்டி இழுத்து அதட்டினால் இன்னும் மோசம்.

பதில்: தூரம்தான் மருந்து. உங்கள் நாய் இன்னொரு நாயைப் பார்த்தும் தின்ன முடிகிற தூரத்தில் நில்லுங்கள். தின்ன மறுத்தால் கிட்டே வந்துவிட்டீர்கள், விலகுங்கள். அந்த நாய் கண்ணில் பட்டதும் கோழித்துண்டு, மறைந்ததும் நிறுத்தம். வரிசை மாறக் கூடாது. தீனியை முதலில் காட்டினால், தீனிப் பை வெளியே வருவதே எதிரி வருகிறான் என்பதற்கு அடையாளமாகிவிடும். கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம். நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால் அந்தக் கணக்கையும் எதிர்நாய் பேரில்தான் எழுதும். நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸும், நீண்டு சுருங்காத இரண்டு மீட்டர் கயிறும் நல்லது.

கேள்வி: வருபவர் மேலெல்லாம் தாவுகிறது. கவனிக்காமல் விடச் சொன்னார்கள். விட்டால் இன்னும் உயரமாகத் தாவுகிறது!

பதில்: சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள். இதுவரை பலித்த தந்திரம் பலிக்காதபோது நாய் அதையே பலமடங்கு முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிடும். அந்த உச்சத்தில் ஒருவர் இரங்கிக் கொஞ்சினாலும், இனி அந்த உயரத்திலிருந்தே ஆரம்பிக்கும். கையால் தள்ளுவதும் அதற்கு விளையாட்டுதான். நான்கு காலும் தரையில் இருக்கும் கணத்தில் தீனியைத் தரையில் போடுங்கள்.

கேள்வி: முதல் மாதம் சாதுவாக இருந்தது. இப்போதுதான் குரைக்கிறது, தொட்டால் சீறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று இல்லை. புது இடத்தில் பல நாய்கள் முதல் சில வாரம் அடங்கிக் கிடக்கும். அதைச் சாது என்று படித்துவிடுகிறோம். இடம் பழகியதும் சொந்தக் குணம் வெளியே வருகிறது. குரைப்பை அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

ஆனால் தொட்டால் சீறுவதை அப்படி எழுதிவிடாதீர்கள். எங்கே தொட்டால் என்று குறித்து வையுங்கள். காது பக்கமா? தலையை உதறுகிறதா, காதில் வாடை வருகிறதா? வாய் பக்கமா? ஒரே பக்கமாக மெல்லுகிறதா? இடுப்பிலா? படியேறத் தயங்குகிறதா, எழும்போது பின்னங்கால் விறைக்கிறதா? காதுத் தொற்று, பல்வலி, மூட்டுவலி மூன்றும் இப்படித்தான் தொடங்கும். குறிப்போடு ஒரு சிறு வீடியோவும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பயத்தில் வலியை மறைத்துவிடும் நாய்கள் நிறைய.