ஜப்பானில் என்ன சாப்பிடுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் நானும் மனைவியும் ஒரு வாரம் ஜப்பான் போகிறோம். ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ. கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து உணவுகளைச் சொல்ல முடியுமா? சுஷியும் ராமென் நூடுல்ஸும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. அலுவலகத்தில் போய்வந்தவர்கள் எல்லாம், "அங்கே சாப்பாடு சப்பென்று இருக்கும், ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் இல்லாமல் போகாதே" என்கிறார்கள். நான் எல்லாம் சாப்பிடுவேன். மனைவி சுத்த சைவம்.

கே., மதுரை

அன்புள்ள கே.,

பத்து உணவுப் பட்டியல் எந்தப் பயணக் கையேட்டிலும் கிடைக்கும். சுஷி சாப்பிடுங்கள். தட்டுகள் நகரும் பட்டையில் வரும் சுஷிக் கடை 1958-ல் தொடங்கியதே ஒசாகா பக்கம்தான். ராமெனும் சாப்பிடுங்கள். இவற்றுக்கு என் சிபாரிசு வேண்டியதில்லை. பதில் எழுத உட்கார வைத்தது அந்தச் 'சப்பென்று' என்ற சொல். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் ஒரு நாட்டுச் சமையலுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டுப் பெட்டி கட்டுகிறீர்களே, இது என்ன நியாயம்? உங்கள் நண்பர்கள் பாதிப் பேர் காலையில் விடுதியில் ரொட்டியும் இரவில் இந்திய உணவகத்தில் தந்தூரி நானும் சாப்பிட்டுத் திரும்பியிருப்பார்கள். மீதிப் பேர் கிண்ணம் வந்ததும் மிளகாய்ப்பொடியைத் தூவியிருப்பார்கள். காரம் ஏறிய நாக்கில் அந்தச் சாறு எப்படிப் பிடிபடும்?

அந்தச் சாற்றின் பெயர் தாஷி. ஜப்பானியச் சமையலில் பெரும்பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. வடக்கே ஹொக்கைடோ தீவில் விளையும் கொம்பு என்ற கடற்பாசியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். அப்புறம் கட்சுவோபுஷி என்ற கருவாட்டுச் சீவலைக் கைநிறையப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் வடித்துவிடுவார்கள். அவ்வளவுதான். எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கொம்புச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கருவாட்டில் இருப்பது இனோசினேட் என்ற வேறொரு பொருள். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்கு ஏறுகிறது. இதையா சப்பென்று சொல்கிறீர்கள்?

இந்த ருசி உங்களுக்குப் புதிதும் இல்லை. கட்சுவோபுஷி செய்யப் பயன்படும் மீன் சூரை. அதை நீளவாக்கில் நான்காக வகுந்து, வேகவைத்து, முள் எடுத்து, வாரக்கணக்கில் விறகுப் புகையில் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு வெயிலில் வைப்பார்கள். இது மாதக்கணக்கில் நடக்கும். கடைசியில் இரண்டு துண்டுகளைத் தட்டினால் கட்டை போலச் சத்தம் வரும். கவிழ்த்துப் பொருத்திய இழைப்புளி உள்ள பெட்டியில் தேய்த்தால்தான் சீவல் விழும். கியோட்டோவின் நிஷிகிச் சந்தையில் நின்று பாருங்கள். உள்சதை ஆழ்ந்த சிவப்பில் பளபளக்கும்.

நம் மாசிக் கருவாடும் இதே சூரைதான். மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் தூண்டில் போட்டுப் பிடித்து, வேகவைத்து, புகையிட்டு, காயவைப்பது. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த மொராக்கோ பயணி இபன் பதூதா, மீனை நான்காக வெட்டி அவித்துப் புகையிட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

தூத்துக்குடியில் என் பெரியம்மா வீட்டில் மாசி ஒரு தகர டப்பாவில் இருக்கும். உரலில் போட்டு இடிப்பதற்கு முன் அம்மிக்குழவியால் ஓங்கித் தட்டி உடைப்பார். சில்லு தெறிக்கும். பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ள நாங்கள் காத்திருப்போம். முதலில் மரத்துண்டுதான். கன்னத்தில் ஒதுக்கிவைத்தால் மெல்ல மெல்ல ஊறி, புகைமணத்தோடு ஒரு ருசி வாய் முழுக்கப் பரவும். சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், தேங்காய் சேர்த்து அவர் இடிக்கும் மாசிச் சம்பலைப் பழைய சோற்றோடு தின்று வளர்ந்தோம். கத்தரிக்காய்க் குழம்பு சரியாக வரவில்லை என்றால் ஒரு கை மாசித்தூளைப் போடுவார். குழம்பு எழுந்து நிற்கும். பெரியம்மா இகேடாவைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் கைக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. ஜப்பானில் முதன்முதலாக ஒரு ரயில் நிலைய நூடுல்ஸ் கடையில் நின்றுகொண்டே சாற்றை உறிஞ்சியபோது, எனக்கு அந்தத் தகர டப்பாதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே ஒசாகாவில் இறங்கியதும் கிட்சுனே உடோன் சாப்பிடுங்கள். தடித்த கோதுமை நூடுல்ஸ், மேலே இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு என்ற சோயாக் கட்டி. சாறு கிண்ணத்தின் அடி தெரியுமளவு வெளிறியிருக்கும். ஹொக்கைடோ கொம்பு எடோ காலத்தில் (1603–1868) கப்பலேறி ஒசாகாவுக்கு வந்துசேர்ந்தது, அதனால் அங்கே கொம்புக்கே முதலிடம். டோக்கியோவில் அதே உடோன் கருத்த சோயா சாஸோடும் கருவாட்டு மணம் தூக்கலாகவும் வரும். இரண்டையும் குடித்துப் பார்த்து எது உங்களுக்குப் பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்தது சவன்முஷி. ஒரு பங்கு முட்டைக்கு ஏறக்குறைய மூன்று பங்கு தாஷி ஊற்றி ஆவியில் வைப்பது. கரண்டி பட்டதும் நடுங்கும். முதல் வாய் எதையும் தூவாமல் சாப்பிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஊறுகாயை விடுதி அறையில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியை நினைத்தால்தான் கவலை. கடிதத்தின் கடைசி வரியில் அவரை ஒதுக்கிவிட்டீர்கள். அங்கே வெறும் காய்கறி, டோஃபு என்று வருவதிலும், மேலே சொன்ன அந்தக் கிட்சுனே உடோனிலும்கூட, கருவாட்டுச் சாறு இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் தாஷியும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும். ஒசாகாவிலிருந்து ஒரு இரவு கோயாசான் மலைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அங்கே பௌத்தக் கோயில்களிலேயே தங்கலாம். பிக்குகள் வழிவந்த ஷோஜின் சமையலில் கொம்பும் உலர்ந்த ஷீட்டாகே காளானும் ஊறிய சாறுதான். மீன் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய கோமா டோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபு இரண்டும் அந்த மலைக்கே பேர்போனவை. ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நன்காய் நிறுவனத்தின் ரயிலைப் பிடித்து, கடைசியில் மலை ரயிலில் ஏற வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்; அங்கே இரவு உணவு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும்.