மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மட்டும் ஏன் இந்தப் பசி?

“மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு மட்டும் எதைப் பார்த்தாலும் தின்னத் தோன்றுகிறதே, இது ஹார்மோனா, எனக்கு நாக்கு நீளமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வயது 43. இரவு பதினொரு மணிக்கு விளக்குப் போடாமல், முறுக்கு டப்பாவின் மூடியைச் சத்தம் வராமல் திறக்கத் தெரிந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டும்தான்.

மாதவிடாய் முடிந்ததிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறிக்கொண்டே போகும். அது பசிக்குக் கடிவாளம். நாம் சாப்பிடும்போது சிறுகுடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் மூளைக்குப் “போதும்” என்று சொல்லும். ஈஸ்ட்ரோஜன் அதற்கு ஒத்து ஊதும். பெண் எலிகளின் சினைப்பைகளை அகற்றிவிட்டால் அவை அளவில்லாமல் தின்று கொழுக்கின்றன; ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான எஸ்ட்ரடையாலைக் கொடுத்தால் தீனி பழையபடி குறைந்துவிடுகிறது. பெண்களும் கருமுட்டை வெளியாகும் நாட்களை ஒட்டித்தான் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். அதன் பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கிக் கடிவாளம் தளர்கிறது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் வரை கூடுவதும் அப்போதுதான்.

ஆகவே பசி பொய்யில்லை. ஆனால் அந்த நாட்களில் கூடுதலாக உள்ளே போவது ஒரு நாளைக்குச் சராசரியாக ஓரிரண்டு தோசை அளவுதான். அரை டப்பா முறுக்குக்கு ஹார்மோன் பொறுப்பேற்காது.

எதன் மேல் ஆசை வருகிறது என்பது வேறு கதை. அமெரிக்கப் பெண்கள் பலருக்கு அந்த வாரத்தில் சாக்லேட் வேண்டும். ஸ்பெயின் பெண்களிடம் அந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. அமெரிக்காவிலேயே மாதவிடாய் நின்றுபோன பெண்களிடம் விசாரித்தபோது, ஹார்மோன் மட்டுமே காரணமாக இருந்தால் குறைந்திருக்க வேண்டிய அளவுக்குச் சாக்லேட் ஆசை குறைந்திருக்கவில்லை. எனக்கோ சாக்லேட் நினைவுக்கே வராது. உப்பும் காரமும்தான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழிக்கு மாவடு. ஜாடியை அவள் தலைமாட்டிலேயே வைத்திருப்பாள்.

ஆறு மாதம் சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். டப்பாவைத் திறந்த இரவுகள் பெரும்பாலும், எடை கூடிவிட்டதே என்று பயந்து ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்ட இரவுகள். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கடிவாளத்தோடு பட்டினியும் கிடந்தால் பிறகு கேட்பானேன்! இப்போது அந்த வாரத்தில் நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் கணக்குப் பார்க்காமல் இன்னொரு தோசை.

உங்களுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலோ, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டாலோ, மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அது நாட்காட்டியில் குறித்துத் தீர்க்கிற விஷயமில்லை.

எடை பார்க்கும் கருவியை மட்டும் அந்த வாரம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு அது காட்டும் கூடுதல் எடை, மாதவிடாய் தொடங்கிய சில நாட்களில் தானே இறங்கிவிடுகிறது.