எக்செல்லில் என்பிவி (NPV: வருங்கால வரவுகளின் இன்றைய பெறுமதியிலிருந்து முதலீட்டைக் கழித்த தொகை) விடை விரிவுரையாளரின் விடையோடு பொருந்தவில்லையா?

தொடக்க முதலீட்டை என்பிவி அடைப்புக்குள் போடாதீர்கள். வெளியே தனியாகக் கழியுங்கள். அடைப்புக்குள் வரும் முதல் தொகையே ஓராண்டு கழித்து வருவதாக எக்செல் எடுத்துக்கொள்கிறது. அதனால் இன்றே போட்ட பணத்தின் பெறுமதியும் ஓராண்டு வட்டிக்கு ஏற்பக் குறைந்துவிடுகிறது.

நீங்கள் கேட்ட புறக்கோட்டைக் கடைக் கணக்கு: தொடக்க முதலீடு 10 இலட்சம், மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வீதம் வரவு, வட்டி 10%. உங்களுக்கு வந்த விடை 221,296, விரிவுரையாளருக்கு 243,426. உங்கள் விடையை 1.1 ஆல் பெருக்கிப் பாருங்கள், அவருடையது வந்துவிடும். (வேலை முடிந்து எம்பிஏ வகுப்புக்கு ஓடுகிறவர்கள் பலரும் வழுக்கும் இடம்தான்.)

வேறு கணக்கில் இப்படிச் செய்தும் பொருந்தாவிட்டால் வெற்றுக் கட்டம் இருக்கிறதா பாருங்கள். எக்செல் அதைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிவிடும்; வருமானம் இல்லாத ஆண்டுக்கு 0 போட வேண்டும்.

ஐஆர்ஆருக்கு (IRR: என்பிவியைச் சுழியமாக்கும் வட்டி வீதம்) இப்படி வெளியே கழிப்பது சரிவராது. அங்கே முதலீடு கழித்தல் குறியோடு உள்ளேயே இருக்கட்டும்.